தண்ணீர் குடிக்காத தூண்

கூரையிலிருந்து விழுந்து செத்தவளிடம் ஒரு மழைக்கோட்டு இருந்திருக்க வேண்டும்.

செருப்பு கிடைத்தது. பை கிடைத்தது. டார்ச் கிடைத்தது. கண்ணாடி நொறுங்கிய செல்போன் கூடக் கிடைத்தது. மழைக்கோட்டு மட்டும் கிடைக்கவில்லை. போலீஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அக்காக்காரிதான் விடவில்லை. அன்று காலை தன் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு நேராக ஒரு துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி கட்டட இன்ஜினியர். கூரை மேல நடக்கறது அவளுக்குத் தரையில நடக்கற மாதிரி. வழுக்கி விழுந்தாங்கறாங்க, எப்படி நம்பறது? மஞ்சக் கலர் மழைக்கோட்டு ஒண்ணு எப்பவும் கையிலயே வச்சிருப்பா. தரையில விரிச்சு உக்காருவா. போற இடத்துல கிடைச்ச கல்லு, இரும்பு எல்லாத்தையும் அதுல சுத்தி வீட்டுக்குத் தூக்கிட்டு வருவா. மழைக்கு மட்டும் போட மாட்டா. அது எங்க சார் போச்சு?"

இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான், அந்த அலுவலகத்தை நடத்தும் மாமனாரும் மாப்பிள்ளையும் அந்தப் பிற்பகல் டவுன் ஹாலுக்கு வந்து நின்றார்கள்.

மாமனார் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை ஆலையாகப் போய், இரும்பில் காதை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். உதவியாளராக வாய்த்தவர் ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை. விற்பனைப் பிரதிநிதி வேலை போன மறுநாளே வந்து சேர்ந்துகொண்டார். யாராவது கேட்டால், "வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீங்க, நான் ஆபீசோட மாப்பிள்ளை" என்பார். மாப்பிள்ளையை அதட்ட முடியாது. அதட்ட முடியாத உதவியாளரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது மாமனாருக்குத்தான் தெரியும்.

வானம் கறுத்து, தெருவிளக்குகளைப் பகலிலேயே போட்டுவிட்டிருந்தார்கள். காற்று அசையவில்லை. மரங்களில் ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"மாமா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நாம தேடி வந்திருக்கறது மழைக்கோட்டு. மழையும் வரப் போகுது. ஆனா நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குடை கூட இல்லை. இதுலேருந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"எடுத்துட்டு வரச் சொன்னேன், நீங்க மறந்துட்டீங்கன்னு தெரியுது."

டவுன் ஹால் அவர்களுக்கு முன்னால் இருட்டாக நின்றது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் கட்டியது. முகப்பு முழுக்கக் கருங்கல் வளைவுகள். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் வாயைப் பிளந்த ஒரு சிங்க முகம். காலமும் புகையும் சேர்ந்து அவற்றின் கண்களைத் தின்றிருந்தன. ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் கல் சட்டென்று முடிந்து, பூசாத செங்கல் ஆரம்பித்துவிடும்.

"முன்னாடி கோட்டு சூட்டு, பின்னாடி கிழிஞ்ச பனியன்" என்றார் மாப்பிள்ளை.

"பின்பக்கம் நாமதானே பார்க்கப் போறோம்னு விட்டுட்டாங்க" என்று பதில் வந்தது, படியின் மேலிருந்து.

ஹிஸ்டரி சார் நின்றிருந்தார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். டவுன் ஹால் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். ஒல்லியான உடம்பு, தேய்த்து மடித்த சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு தடி. கட்டடத்தை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்ட வேண்டும் என்று நகராட்சி சேர்மன் கிளம்பிய நாளிலிருந்து, இவர் ஒரு ஆளாக நின்று தடுத்துக்கொண்டிருந்தார். இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று கருத்துச் சொல்லத்தான் அந்தப் பெண் இன்ஜினியரை அமர்த்தியிருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

இன்றைக்கு அதே மண்டபத்தில் பொதுக்கூட்டம். சேர்மனும் பேசுகிறார், ஹிஸ்டரி சாரும் பேசுகிறார். ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்க. கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு, சுத்திக் காட்டறேன்" என்று இறங்கி வந்தவர், திரும்பப் படியேறும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். "முட்டி போயிடுச்சு தம்பி. இந்தப் படியே எனக்கு மலை மாதிரி."

"கூரைக்கெல்லாம் போறதில்லையா சார்?" என்று மாமனார் சாதாரணமாகக் கேட்டார்.

"கூரையா! அந்தச் சுருள் படியில கால் வச்சு வருஷக்கணக்காச்சு. பாவம், அந்தப் பொண்ணு தனியாத்தான் ஏறுவா, இறங்குவா. நல்ல பொண்ணு."

மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளியே இருந்த புழுக்கம் சட்டென்று விலகியது. உயரமான கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். பார்வைக்கு வெள்ளைச் சலவைக்கல். தூண்களுக்கு மேலே கூடத்தைச் சுற்றி ஒரு பால்கனி. அதற்கும் மேலே இருட்டில் தொங்கிய காரைப் பூச்சு விதானம், பூவேலைப்பாடுகளோடு. நாற்காலிகள் பாதி நிறைந்திருந்தன. முன் வரிசையில், யாருடனும் பேசாமல், அக்காக்காரி உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அந்தப் பால்கனியில துரைசாணிகள் மட்டும்தான் உக்காரலாம்" என்று ஹிஸ்டரி சார் ஆரம்பித்தார். குரலில் ஒரு வெதுவெதுப்பு ஏறியது. "நம்ம ஆளுங்க குமாஸ்தாவா இருந்தாலும் பின்படி வழியாத்தான் வரணும். அந்தப் படியை வேணும்னே செங்குத்தாக் கட்டியிருக்கான், பாருங்க. மூச்சு வாங்கிக்கிட்டே வந்து துரை முன்னாடி நிக்கணும். திறப்பு விழா அன்னிக்கு, இதைக் கட்டின கொத்தனாருங்க எல்லாம் வெளியில வெயில்ல நின்னு கை தட்டினாங்க. மேல விதானம் பூசும்போது சாரம் சரிஞ்சு செத்தவங்களும் உண்டு. அவங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்லை."

"அப்படிப்பட்ட கட்டடத்தை இடிச்சா என்ன சார் தப்பு?" என்றார் மாப்பிள்ளை.

ஹிஸ்டரி சார் நின்றார். தடி தரையில் ஒரு தரம் தட்டியது. "துரை போயிட்டான் தம்பி. கட்டினவன் வேர்வை இங்கதான் இருக்கு. இடிச்சா யாரை இடிக்கறோம்?"

மாமனார் ஒரு தூணை விரல் முட்டியால் தட்டினார். கல்லின் சத்தம் இல்லை. உள்ளே வெற்றிடம் உள்ள மணியைத் தட்டியது போல ஒரு கார்வை.

"கண்டுபிடிச்சுட்டீங்களே!" ஹிஸ்டரி சாரின் முகம் மலர்ந்தது. "சலவைக்கல் இல்லை, இரும்பு. கப்பல்ல துண்டு துண்டா வந்திறங்கி, இங்க பூட்டினாங்க. மேல கல்லு மாதிரி சாயம். உள்ள வெறும் குழாய். எதுக்குன்னு சொல்லுங்க பார்க்கலாம்?"

அவர் கேட்டு முடிக்கவும் வானம் இடித்துக்கொண்டு கொட்டவும் சரியாக இருந்தது. பெரிய மழை. ஓட்டின் மேல் விழுந்த முதல் அடியிலேயே கூட்டத்தின் பேச்சுச் சத்தம் அமுங்கிப் போனது.

"காதை வைங்க! காதை வைங்க!" என்று அவர் குழந்தை மாதிரி குதூகலித்தார்.

மூவரும் தூணில் காதை வைத்தார்கள். உள்ளே, வெகு உயரத்திலிருந்து, தண்ணீர் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"நடுக்கூரையும் பக்கக் கூரையும் சேர்ற பள்ளம் இந்தத் தூணுங்க தலைக்கு மேலதான் ஓடுது. கூரைத் தண்ணி அவ்வளவும் தூண் வழியா இறங்கி, தரைக்கடியில போய், முன்னாடி இருக்கற குளத்துல விழும். வெளியில ஒரு குழாய் தெரியாது. நான் ஒவ்வொரு மழைக்கும் வந்துடுவேன். போன மாச மழையில கூட வந்தேன். ஒவ்வொரு தூணும் தண்ணி குடிக்கறதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவர் ஒவ்வொரு தூணாகப் போய்க் காதை வைத்தார், தட்டிக் கொடுத்தார், சிரித்தார். இவர்கள் பின்னாலேயே போனார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த கடைசித் தூணில் காதை வைத்தார்.

சிரிக்கவில்லை.

தட்டியும் கொடுக்கவில்லை. காதை எடுத்தவர் தலையை மெல்ல மேலே தூக்கி விதானத்தைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். "மைக் சரியா இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். போய்விட்டார்.

மாமனார் அந்தத் தூணில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துத் தூண்கள் எல்லாம் இரைந்துகொண்டிருந்தன. இது மட்டும் பூட்டிய வீடு மாதிரி இருந்தது. நெடுநேரம் கேட்ட பிறகு, உச்சியில் எங்கோ ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, எல்லாத் தூணும் குடிக்குது. இது குடிக்கலை. அப்ப இது குடிக்க வேண்டிய தண்ணி எங்க இருக்கு?"

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். "மேலயா?"

"நம்ம தலைக்கு மேல."

விதானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரம் முறிகிற சத்தமில்லை. கனமான யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்தது போன்ற ஒரு முனகல். பிடி அளவு காரைத் தூள் உதிர்ந்து, அப்போதுதான் மேடையேறிய சேர்மனின் தோளில் விழுந்தது. அவர் தட்டிவிட்டுக்கொண்டு, "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது தெரிந்தது.

"போன மாச மழையில எல்லாத் தூணும் குடிச்சுது. அவரே சொன்னார்" என்றார் மாமனார். வார்த்தைகள் வேகமாக வந்தன. "அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் மழை. நடுவுல கூரைக்குப் போனது யாரு?"

"இன்ஜினியர்."

"கையில?"

"மழைக்கோட்டு..." மாப்பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றது.

"தண்ணி உள்ள விடக் கூடாதுன்னே செஞ்ச துணி. குழாய் வாயில போய்ச் சிக்கினா பாட்டிலுக்குக் கார்க் அடிச்ச மாதிரிதான். போலீஸ் கீழயே தேடியிருக்காங்க. அது விழவே இல்லை. இங்கதான் இருக்கு."

"ஹிஸ்டரி சார்கிட்ட சொல்லிடலாம் மாமா. அவருக்குத்தான்..." மாப்பிள்ளை மேடைப் பக்கம் திரும்பினார். மைக் அருகில் சேர்மன்தான் நின்றிருந்தார். மேடையில் ஹிஸ்டரி சாரின் தடி மட்டும் நாற்காலியில் சாய்ந்து நின்றது.

பால்கனியின் மூலையில், கூரைக்குப் போகும் இரும்புச் சுருள் படியில், ஒல்லியான ஒரு உருவம் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தது.

"அட! என் தோளைப் பிடிச்சுக்கிட்டு முனகினாரே அந்த மனுஷன்!"

"அவரும் நம்ம கூடவேதான் கண்டுபிடிச்சிருக்கார்" என்றார் மாமனார். "இத்தனை நாளா அவரும் அந்த மழைக்கோட்டைத்தான் தேடிக்கிட்டிருந்திருக்கார்."

மேலே மறுபடி அந்த முனகல். இந்த முறை நீளமாக. முன் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நாற்காலிகள் இப்போது முழுதும் நிறைந்திருந்தன. மழைக்கு ஒதுங்கியவர்கள் வேறு சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். கூரை விழப் போகிறது என்று கத்தினால் வாசலிலேயே பாதிப் பேர் மிதிபட்டுச் சாவார்கள்.

"மாப்பிள்ளை, கூடம் காலியாகணும். ஆனா யாரும் பயப்படக் கூடாது."

"சேர்மனைப் பேசச் சொன்னா தானாக் காலியாயிடும்."

"கை தட்ட ஆளோட வந்திருக்கார். வேற யோசியுங்க." மாமனார் அதற்குள் படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மேடையில் தாவி ஏறி, சேர்மனின் கையிலிருந்த மைக்கைப் பணிவாகப் பிடுங்கினார். "ஒரு சின்ன அறிவிப்பு. வெளியில தெருவுல முழங்காலுக்குத் தண்ணி. நீங்க நிறுத்தியிருக்கற வண்டி எல்லாம் ஒண்ணொண்ணா மிதக்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு சிவப்பு ஸ்கூட்டர் மட்டும் யாரும் ஓட்டாமலே கேட்டைத் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு. உரியவங்க பின்வரிசையிலேருந்து மெதுவாக் கிளம்பினா பிடிச்சிடலாம். சேர்மன் சாரோட காரும் லேசாத் திரும்பி நிக்குது."

சேர்மன்தான் முதலில் போனார். பின்வரிசைகள் எழுந்தன. சிவப்பு வண்டி வைத்திருப்பவர்கள் ஊரில் அத்தனை பேரா என்று ஆச்சரியப்படும் அளவுக்கு, கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வடிந்தது.

மாமனார் மூச்சிரைக்கச் சுருள் படியின் உச்சிக்கு வந்து சின்னக் கதவைத் தள்ளினார். மழை முகத்தில் அறைந்தது. எதிரே குறுகலான ஒரு நடைமேடை. ஒரு பக்கம் கூரைகள். மறுபக்கம் இடுப்புக்கும் கீழே நின்ற கைப்பிடிச் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்முற்றம், நெடுந்தூரம் கீழே. இங்கிருந்துதான் அவள் விழுந்திருந்தாள்.

இரண்டு கூரைகளுக்கு நடுவில் இருந்த பள்ளம் வாய்க்காலாகி நிறைந்திருந்தது. தண்ணீர் ஓடவில்லை. தளும்பிக்கொண்டு நின்றது. அதன் கோடியில் ஹிஸ்டரி சார் மண்டியிட்டிருந்தார். வலது கை தோள்வரை தண்ணீருக்குள், தூணின் வாய்க்குள்.

"முட்டி வலி எப்படி சார் இருக்கு?"

அவர் திரும்பினார். கண்ணாடி இல்லை. நனைந்த முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. "பேச நேரமில்லை. சிக்கிக்கிட்டு வர மாட்டேங்குது. கனம் ஏறிக்கிட்டே இருக்கு, கூரை தாங்காது. வந்து பிடிங்க!"

மாமனார் ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு தண்ணீரில் இறங்கி, அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டார். வழுவழுவென்ற துணி தட்டுப்பட்டது. கொலை செய்தவனும் அவனைத் தேடி வந்தவனும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு இழுத்தார்கள். காலடியில் கூரை லேசாக அதிர்ந்தது. இன்னொரு இழுப்பு. மஞ்சள் மூட்டை ஒன்று பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

தூண் ஒரு பெரிய விக்கலோடு வாயைத் திறந்தது. பள்ளத்துத் தண்ணீர் முழுதும் சுழித்துக்கொண்டு அதற்குள் பாய்ந்தது.

மாமனார் நிமிர்வதற்குள் ஹிஸ்டரி சார் மூட்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்வாங்கியிருந்தார். முதுகு கைப்பிடிச் சுவரைத் தொட்டது.

"கிட்ட வராதீங்க."

"வரலை. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கைப்பிடிச் சுவரோரத்தைத் தாடையால் காட்டினார். "இதோ, இங்கதான் நின்னா. கூரையை இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கம்பி இருக்கே, அதுல பூட்டியிருக்கற ஆப்பு ரெண்டா ஒடிஞ்சிருக்காம். பாதி கீழ விழுந்து கிடந்துச்சாம். 'சார், இப்படியே விட்டா கூரை நிக்காது'ன்னு சொன்னா. கோட்டுல சுத்தி வச்சிருந்தா. இதை அவ கொண்டு போய் சபையில வச்சா, சேர்மனுக்கு வேற என்ன வேணும்? மறுநாளே மண்வாரி இயந்திரம் வந்து நிக்கும். குடுத்துடும்மா, நான் பார்த்துக்கறேன்னேன். முடியாது சார், இது எனக்கு வேணும்னா. இழுத்தேன். அவளும் இழுத்தா. கையை விட்டுப் பறந்து அது எங்க விழுந்துச்சுன்னு இருட்டுல தெரியலை..."

"அது உங்களுக்குப் பின்னால தூண் வாயில விழுந்துச்சு. அவ உங்க முன்னால, சுவரைத் தாண்டி விழுந்தா."

அவர் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நீங்க உடனே கீழ ஓடியிருப்பீங்க. ஓடினது அவளைப் பார்க்கவா, மூட்டையைத் தேடவா?"

அவர் திரும்பிக் கீழே பின்முற்றத்தைப் பார்த்தார்.

"கூரை நிக்காதுன்னு தெரிஞ்சும் இன்னிக்கு அத்தனை சனத்தையும் அதுக்கடியில உக்கார வச்சீங்களே சார்."

"இத்தனை வருஷம் நின்னுச்சு. இன்னிக்கு ஒரு நாள் நிக்காதா?" சட்டென்று அவர் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கினார். பின்முற்றத்துக்கு அப்பால், மழையில் பொங்கி ஓடிக்கொண்டிருந்த பெரிய சாக்கடை.

"எறியறதுக்கு முன்னாடி அவிழ்த்துப் பாருங்க" என்றார் மாமனார். குரலை உயர்த்தவில்லை. "இழுக்கும்போது உள்ள ரெண்டு பொருள் இடிச்சுது. என் காது பொய் சொல்லாது. ஒண்ணு இரும்பு. இன்னொண்ணு இரும்பு இல்லை."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. சரித்திரம் படித்த மனிதர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எறிய அவரால் முடியவில்லை. மூட்டையைச் சுவர் மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

துருப்பிடித்த பாதி ஆப்பு. அதன் பக்கத்தில் மரத்தில் செதுக்கிய ஒரு முழு ஆப்பு. புது மரம். முனைகள் வழவழவென்று இழைத்திருந்தன. ஒடிந்த இரும்பின் ஒவ்வொரு வளைவும் அதில் அப்படியே இருந்தது.

"என்ன இது?" என்றார் ஹிஸ்டரி சார்.

"மர அச்சு. இதை மணல்ல அழுத்திப் பள்ளம் பண்ணி, அதுல இரும்பை உருக்கி ஊத்துவாங்க. பட்டறையில தினம் பார்த்திருக்கேன். ஒடிஞ்ச துண்டோட ஒட்டிப் பார்த்து, அளவு சரி பண்ணிக்கத்தான் அன்னிக்கு மேல கொண்டு வந்திருக்கா." மாமனார் நிறுத்தினார். "இடிக்கப் போற கட்டடத்துக்கு யாராவது புது ஆப்பு வார்ப்பாங்களா சார்?"

ஹிஸ்டரி சார் அந்த மரத்துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தொடக் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"இடிக்கணும்னு... அவ எழுதப் போறதில்லையா?"

"நீங்க கேட்டீங்களா?"

கதவருகில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்து நின்றார். அவருக்குப் பின்னால், அவர் தடுத்தும் கேளாமல் ஏறி வந்த அக்காக்காரி. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. அவள் யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரிடம் போய், அந்த மரத்துண்டைக் கையில் எடுத்தாள்.

"இதை ஒரு வாரமா வீட்டுல உக்காந்து ராவிக்கிட்டிருந்தா. தரையெல்லாம் மரத்தூள். என்னடி கருமம் இதுன்னு திட்டினேன். ஒரு கிழவனுக்குப் பல்லு கட்டறேங்க்கா, இன்னும் பல வருஷம் சாப்பிடுவான்னு சிரிச்சா. எனக்கு ஒண்ணும் புரியலை." மழைத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "உங்களைப் பத்தித்தான் சார் பேசுவா. இந்தக் கட்டடத்தைப் பத்தி ஹிஸ்டரி சாருக்குத் தெரியாததே இல்லைக்கான்னு சொல்லுவா."

ஹிஸ்டரி சார் சுவரோரம், தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை ஓடிப் போய் அவர் தோளை இறுக்கப் பிடித்தார். பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எழுந்து நிற்கிற ஆளாகவே அவர் இல்லை.

மழை விடுவதற்குள் போலீஸ் ஜீப் வந்தது. கூட்டம் தெருவோரக் கடைகளின் கீழே ஒண்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஹிஸ்டரி சார் குனிந்த தலையோடு பின்படி வழியாக இறங்கினார். கூடத்துக் கதவுகளைப் பூட்டிக் கயிறு கட்டினார்கள். உள்ளே ஒரு நாற்காலி கூட நசுங்கவில்லை. கூரை நின்றுவிட்டது.

"நின்னா என்ன? இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு விழும்" என்றார் சேர்மன், குடைக்குள்ளிருந்து. "அதான் சொல்றேன், இடிச்சுடணும். அந்தப் பொண்ணே ஆப்பு ஒடிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கா."

"எல்லாருக்கும் ஆப்பு வைக்கறவரு இதுக்கு ஒரு ஆப்பு வாங்கி வைக்க மாட்டாராக்கும்" என்று மாப்பிள்ளை மாமனாரின் காதருகில் சொன்னார். மாமனார் திரும்பவில்லை. அவர் அக்காக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "அதைக் குடுங்கம்மா. சாட்சிப் பொருள்."

"குடுக்கறேன். கொஞ்சம் பொறுங்க."

மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவள் ஜீப்பின் முன்பக்கத்தைப் பிழிந்த முந்தானையால் துடைத்தாள். பக்கத்துக் கடையில் ஒரு பழைய பேப்பரைக் கேட்டு வாங்கி விரித்தாள். மாமனாரின் சட்டைப் பையிலிருந்து, கேட்காமலே, பேனாவை எடுத்தாள். மரத்துண்டைப் பேப்பர் மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளிம்பை ஒட்டியே மெல்ல ஒரு கோடு இழுத்தாள். பிறகு பக்கவாட்டில் திருப்பி வைத்து, அதையும் வரைந்தாள். காற்றுக்குப் பேப்பர் பறக்காமல் மாப்பிள்ளை ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இன்னொரு மூலையைப் பிடித்தார்.

"பட்டறைக்காரருக்கு இது போதுமா சார்?" என்று கேட்டாள்.

மாமனார் குனிந்து அவள் வரைந்த கோடுகளைப் பார்த்தார்.

"தாராளமாப் போதும்மா. காலையில வந்துடுங்க, சேர்ந்தே போகலாம்."